துருவரசியும் கும்மிருட்டனும்

பொன்னேரி
4.8.2025

திரு. தேசிகன் அவர்களுக்கு,

'அவர்கள்' போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் வாடா போடா என்று பேசிய வாய்தான் இது. ஆஸ்பத்திரி படிவத்தில் 'உடன் வந்தவர், உறவுமுறை' என்ற இடத்தில் 'மகளின் நண்பர்' என்று எழுதினீர்களே, அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு மரியாதை கொடுக்கக் கற்றுக்கொண்டேன்.

அம்மா இன்னும் கண் திறக்கவில்லை. மூன்றாவது மாடிக் கண்ணாடி அறையில் அவளுக்காக மிஷின்தான் மூச்சு விடுகிறது. பதினொரு நாளாகிறது. மூச்சுத் திணறல் என்று கூட்டி வந்தோம். நாலு நாள் மிஷினில் வைத்தால் சரியாகிவிடும், அவள் வளர்க்கும் கோழிக்குஞ்சுகளைப் பார்க்க வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டரே சொன்னார். உங்களுக்குக் கோபம் வந்தது. உங்களுக்குக் கோபம் வந்தால் என்ன நடக்கும் என்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அத்தனை கம்பெனிக்கும் தெரியும். மாடி முழுக்க விளக்குப் போனது. மிஷின் நின்றது. ஜெனரேட்டரும் செத்தது. நாலு நிமிடம். அந்த நாலு நிமிடம் அம்மாவின் மூளைக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார்.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது. உங்கள் கைக்கு வந்த போன் எதுவும் ஒரு வாரம் தாண்டியதில்லை. அதனால் கடிதம். அதையும் பென்சிலில் எழுதுகிறேன். இருக்கிற கோபத்துக்குப் பேனாவின் முனையில் இருக்கும் குண்டு துருப்பிடித்து நின்றுவிடுகிறது.

இங்கே ஆயாவாக வேலை செய்யும் சாராள், நீங்கள் இருக்கும் அதே பக்கத்து ஆரணியிலிருந்துதான் தினமும் வந்து போகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்கே வரக்கூடாது. மன்னிப்புக் கேட்கவும் வரக்கூடாது. உங்கள் வருத்தமும் கோபத்தில்தான் போய் முடியும், எனக்குத் தெரியும்.

ஜோதிலட்சுமி


ஆரணி
6.8.2025

அன்புள்ள ஜோதி,

மரியாதை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை அதைச் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பூட்டு பொலபொலவென்று உதிர்ந்து கிடக்கிறது. இத்தனை நாள் நீ தொட்டால்தான் துரு என்று நினைத்திருந்தேன். இப்போது எழுதினாலே போதும் போலிருக்கிறது. வளர்ச்சிதான்.

நான் தப்பே செய்யவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதையைப் பாதியிலிருந்து சொல்லாதே. நான் 'நண்பர்' என்று எழுதியதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தது யார்? யார் கைக்குள் கட்டில் கால் மாவாகப் போனது? அம்மா சரிந்ததைப் பார்த்துத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. விளக்கை அணைத்தவன் நான், அவளை உருட்டிவிட்டவள் நீ. ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

இங்கே ஒரு பழைய அரிசி மில்லில் இருக்கிறேன். கரண்ட் கனெக்ஷனைத் துண்டித்து ஆறு வருடமாகிறதாம். எனக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. கால்தான் பேஜார் பண்ணுகிறது. பைக்கிலிருந்து விழுந்தபோது தொடையில் வைத்த தகடு ஞாபகமிருக்கிறதா? சித்திரையில் சண்டை போட்டபோது அந்தத் தொடையை நீ பிடித்தாய். அன்றிலிருந்து நொண்டுகிறேன். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று சொல்பவர்கள் உன்னைப் பார்க்காதவர்கள்.

ஆனாலும் உன்னை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அன்புசெல்வன் வீட்டு வாசலை நினைத்துக்கொள்கிறேன். 'சிப்காட் சிங்கம்' காமிக்ஸில் அவர் என்னைக் கும்மிருட்டன் என்றும் உன்னைத் துருவரசி என்றும் வரைந்து, இருவருக்கும் காதல் என்று வேறு போட்டிருந்தார். அதுவரை நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. அவரை மிரட்டலாம் என்று நான் போனால், அதே வாசலில் நீ கேட்டைத் துருவாக்கிக்கொண்டு நிற்கிறாய். வில்லனுக்கும் வில்லிக்கும் பெண் பார்க்கும் படலம் அப்படித்தான் நடந்தது.

அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்றால் போதும்.

உன் தேசிகன்


பொன்னேரி
9.8.2025

தேசிகா,

சரி, மரியாதையை எடுத்துவிட்டேன். சந்தோஷப்படாதே.

உன் கடிதத்தை வராந்தாவில் பிரித்தேன். தலைக்கு மேலே டியூப்லைட் இரண்டு தடவை மினுக்கியது. கண்ணாடிக்குள் மிஷின் ஒரு மூச்சு தவறியது. நர்ஸ் ஓடி வந்தாள். இனி உன் கடிதம் வந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த்தான் படிக்கப்போகிறேன். சாராள் புலம்புகிறாள்: "இன்னாம்மா, உங்காளு லெட்டர மடியில வச்சிக்கினு பஸ்ல ஏறுனா டிரைவருக்கு ஹாரனே அடிக்க மாட்டேங்குது. லவ்வு லெட்டரா, இல்ல சூனியமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. பதினைந்து நாளில் முதல் சிரிப்பு.

நல்ல சேதி சொல்கிறேன். நேற்று அம்மா என் விரலை அழுத்தினாள். "ஒரு வாரம் மிஷின் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடட்டும், பிறகு குழாயை எடுத்துப் பார்க்கலாம்" என்கிறார் டாக்டர். இன்னும் ஒரே வாரம். எனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் அவள் பக்கத்தில் போகிறேன். கட்டிலைத் தொடுவதில்லை, ஸ்டூலில்கூட உட்காருவதில்லை.

நீ சொன்னதும் சரிதான், கட்டில் காலை உடைத்தவள் நான். அப்பாவின் கையைத் தின்ற உருக்காலையைத் துருவாக்கியபோது நியாயம் என் பக்கம் இருந்தது. அதற்கப்புறம் செய்ததெல்லாம் ருசிக்காக. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பட்டப்பகலில் நீ கரண்டை நிறுத்த, நான் கிரேனின் காலைத் தடவ, அது முழங்காலிட்டதே. நாம் மீன் வறுவல் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தோம். மேலே மாட்டிக்கொண்டு ஒருவன் அலறியதும் கேட்டது, அதையும் கேட்டுக்கொண்டேதான் தின்றோம். நாம் நல்லவர்களில்லை. காமிக்ஸ்காரர் ஒன்றும் பொய் வரையவில்லை.

என் கடிதங்களை மண் பானையில் போட்டு மூடி வை. எந்தக் காரணத்துக்காகவும் மடியில் சொருகிக்கொள்ளாதே. தகடு இருக்கும் கால். கோபமில்லாத சமயம் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை.

ஆடி மாதம் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைப்பார்கள். நமக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஆடி மட்டும் வந்துவிட்டது. நீ ஒன்று செய். திருவள்ளூருக்குப் போய் உன் அப்பா அம்மாவிடம் என் பெயரைச் சொல். நண்பர் கிண்பர் எல்லாம் வேண்டாம். யாரென்று சொல். அதைச் செய்துவிட்டால், குழாய் எடுத்த அன்றைக்கு நானே உன்னைக் கூப்பிடுகிறேன்.

ஜோதி


ஆரணி
12.8.2025

ஜோதி,

போனேன். பஸ்ஸில் மனதை அடக்கிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, பாசுரம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

என் அம்மா கதவைத் திறந்தாள். "ஆத்துக்கு வர வழி தெரிஞ்சுதா?" என்றாள். சாதம் போட்டாள். அப்பா கோயில் கைங்கரியம் முடித்து வந்தார், ஈரத்துண்டோடு எதிரில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா கேட்டுவிட்டாள்: "யாராவது இருக்காளாடா? சொல்லிடு, நாங்க ஒண்ணும் முழுங்கிட மாட்டோம்." அவளே கதவைத் திறந்துவிட்டாள், ஜோதி. நான் உள்ளே போயிருக்க வேண்டியதுதான். "கூட வேலை பாக்கறவ ஒருத்தி இருக்கா" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தெரு முழுக்கக் கரண்ட் போனது. "மறுபடியுமா" என்று அம்மா விசிறியைத் தேடினாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இதை எழுதாமல் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை என்பதையாவது கணக்கில் வை.

ஆனால் நீ கேட்டது என்ன என்று யோசித்தாயா? உன் அம்மாவின் உயிரைப் பணயமாக வைத்து என்னிடம் பரீட்சை நடத்துகிறாய். பாஸானால் பார்க்கலாம், பெயிலானால் பார்க்கக்கூடாது. அந்த அம்மாள் எனக்கும் சோறு போட்டவள். "நைனா, இன்னும் ஒரு வாய் துன்னு" என்று என் தட்டில் கருவாட்டைப் போட்டவள். நான் ஐயங்கார் என்று நீ சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அதற்குள் பாதியைத் தின்றுவிட்டேன். அவளைப் பார்க்க எனக்கு உன் அனுமதிச் சீட்டு வேண்டாம்.

பதினைந்தாம் தேதி வருவேன். யார் தடுத்தாலும் வருவேன். தடுப்பவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இதை எழுதும்போதே மில் வாசலில் இருக்கும் தெருவிளக்கு ஊசலாடுகிறது. உனக்குப் புரியும்.

தேசிகன்


பொன்னேரி
13.8.2025

தேசிகன் அவர்களுக்கு,

மறுபடி 'அவர்கள்'.

கூட வேலை பாக்கறவ. நல்லது. வேலை முடிந்தது, கணக்கு தீர்ந்தது.

இன்று காலை பஸ் ஸ்டாண்டு கடையில் 'சிப்காட் சிங்கம்' புது இதழ் தொங்கியது. கடைசிப் பக்கத்தில் நீங்கள்தான். மூன்று மாடி ஆஸ்பத்திரிக்குக் கீழே கும்மிருட்டன் கையை உயர்த்தி நிற்கிறான். மேல்மாடியில் ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாக இருக்கிறது. 'அந்த மூச்சை நிறுத்தவே வந்தேன்!' என்று பலூனில் எழுதியிருக்கிறார்கள். பேப்பரில் வந்ததை வைத்து மனுஷன் கற்பனை செய்திருப்பார் என்று யாராவது சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். நாம் பார்த்துக்கொள்ளும் முன்பே நம் காதலை வரைந்தவர் அவர்.

அம்மா நேற்று கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாளா, விட்டத்தைப் பார்த்தாளா தெரியாது. ஆனால் திறந்தாள். பதினாறாம் தேதி குழாயை எடுக்கிறார்கள். பதினைந்து அன்று நீங்கள் வருகிறீர்களாம்.

தேசிகன் சார், நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். பொன்னேரி எல்லைக்குள் உங்கள் கால் பட்டால், அந்தக் கால் உங்களுக்கு இருக்காது. நான் உருக்காலையில் கையை இழந்த அப்பாவுவின் மகள். ஒரு உருக்காலையையே ஒரு மத்தியானத்தில் தவிடாக்கியவள். ஒரு ஜாண் தகடு எனக்கு எம்மாத்திரம்?

ஜோதிலட்சுமி


ஆரணி
14.8.2025

ஜோதி,

உன் கடிதம் கிடைத்தது. இனி எழுத ஒன்றுமில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

வருகிறேன்.

தேசிகன்


பொன்னேரி
14.8.2025, மாலை

என் தேசிகா,

உன் கடிதம் மத்தியானம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வா.

நான் பேசியதெல்லாம் வாய்க் கொழுப்பு. உனக்குத் தெரியாததா? இருபத்தொரு நாள் தூக்கமில்லாதவள் எழுதுவதை யாராவது பொருட்படுத்துவார்களா? திருவள்ளூரில் நீ சொல்லவில்லை என்றால் பரவாயில்லை. மெதுவாகச் சொல்லலாம். அம்மா கண் திறந்ததை நீயும் பார்க்க வேண்டும். நீ வந்து நின்றால் அவளே சொல்வாள், நைனா இன்னும் ஒரு வாய் துன்னு என்று.

உன் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வா. முதன்முதலில் பழவேற்காட்டுக்குப் போனோமே, அன்று கட்டியிருந்தது. இந்தக் கடிதத்தை மடித்து, வலது பக்கம் மடியில் சொருகிக்கொள். வழியெல்லாம் நான் உன்னோடு வருவதுபோல இருக்கட்டும். பானையில் போட்டு மூடாதே. இதில் கோபமே இல்லை. பார், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்.

நாளைக் காலை சாராள் வேலைக்கு வரும் வழியில், ஆரணி பஸ் ஸ்டாப்பிலேயே உன்னிடம் கொடுத்துவிடுவாள்.

மடியில் வைக்க மறக்காதே.

உன் ஜோதி


பொன்னேரி
15.8.2025

ஜோதி,

முதலில் ஒரு வேலை செய். கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு ரப்பர் பை தொங்கும். கையால் அழுத்தினால் காற்றுப் போகும் பை. நர்ஸைக் கூப்பிட்டு அதை அம்மாவின் குழாயில் மாட்டச் சொல். அதை அழுத்த ஆள் வைத்துக்கொள். அதற்கப்புறம் மீதியைப் படி. உன் கை ஒழியாது என்றால் சாராள் படித்துக் காட்டட்டும்.

நான் உனக்குக் கீழேதான் இருக்கிறேன். இரண்டாவது மாடி, ஜன்னல் இல்லாத அறை.

நான் உன்னிடம் வரக் கிளம்பவில்லை, ஜோதி. ஊத்துக்கோட்டை போய், அங்கிருந்து ஆந்திரா பக்கம் மலையடிவாரத்தில் கரண்ட் கம்பியே போகாத ஊர் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு, அங்கே போய்த் தொலையலாம் என்று கிளம்பினேன். நான் இல்லாத இடத்தில் அம்மாவின் மிஷின் நன்றாக ஓடட்டும் என்று. 'வருகிறேன்' என்று எழுதியது அதற்குத்தான். எங்கள் வீட்டில் 'போகிறேன்' என்ற சொல்லே கிடையாது. பிணத்தோடு போகிறவன்தான் 'போகிறேன்' என்பான். செத்தாலும் திரும்பி வராத ஊருக்குப் போகும்போதும் நாங்கள் வருகிறேன் என்றுதான் சொல்வோம். உங்கள் ஊரிலும் அப்படித்தானே? மூன்று வருடம் உன் வாசலில் தினமும் அதைத்தானே சொல்லிவிட்டுப் போனேன்? நேற்று மட்டும் ஏன் உனக்கு அது வேறாகக் கேட்டது?

பதினைந்தாம் தேதி வருவேன் என்று நானேதான் எழுதியிருந்தேன். அது தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

ஊத்துக்கோட்டை பஸ் வந்து நின்றது. ஒரு கால் படியில். சாராள் ஓடி வந்து கடிதத்தைக் கொடுத்தாள். 'வா' என்று எழுதியிருந்தாய். காலைக் கீழே இறக்கிவிட்டேன். உன் எழுத்துக்கு மேல் சிவப்பாகப் பத்து விரலும் பதிந்திருந்தது. கோயிலுக்குப் போய்விட்டுக் குங்குமக் கையோடு எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். நல்ல காரியத்துக்கு எழுதும் கடிதத்தில் அப்படித்தானே தடவுவார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சொன்னபடி வலது மடியில் சொருகினேன். எதிர்ப்பக்கம் போய்ப் பொன்னேரி பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க ஹாரன் அடித்தது, பாட்டு ஓடியது, எதுவும் நிற்கவில்லை. சந்தோஷமாக இருந்தால் என்னால் ஒரு பல்பைக்கூட அணைக்க முடியாது, ஜோதி. அது எனக்கே இன்றுதான் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் காலை ஊன்றினேன். உள்ளே தகடு உதிரும் சத்தம் எனக்குக் கேட்டது. கடிதத்திலிருந்த சிவப்பு துரு என்று அப்போதுதான் புரிந்தது. அந்த எலும்பு தகட்டை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தது. விழுந்தேன். "கிட்டக்க ஆஸ்பத்திரி இருக்குது, தூக்குங்கப்பா" என்று நாலு பேர் தூக்கினார்கள். வேண்டாம், அங்கே வேண்டாம் என்று கத்தினேன். வலியில் உளறுகிறேன் என்று நினைத்தார்கள். கொடி ஏற்றிக்கொண்டிருந்த வாசல் வழியாக என்னை உள்ளே கொண்டுவந்தார்கள்.

நீ கூப்பிடாவிட்டால் நான் இந்நேரம் எல்லையைத் தாண்டியிருப்பேன்.

இங்கிருந்து என்னை நகர்த்த முடியாதாம். எலும்பு தோலை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ஊசி போட்டிருக்கிறார்கள், அது வேலை செய்ய அரை மணி நேரமாகுமாம். கோபத்தை அடக்கப் பழகியிருக்கிறேன். வலியை அடக்கப் பழகவில்லை. அலை அலையாக வருகிறது. ஒவ்வொரு அலைக்கும் விளக்கு பாதியாகிறது. லிஃப்ட் நின்றுவிட்டது என்று வெளியே கத்துகிறார்கள். சாராள் என் தலைமாட்டில் நின்றுகொண்டு, "சீக்கிரம் எழுது சாமி, நான் படியேறி ஓடணும்" என்று அழுகிறாள்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. இதை எழுதும்போது விளக்கு மங்கியது. மறுபடி எழுதுகிறேன். கோபமில்லை, ஜோதி. அம்மாவுக்காக நீ செய்தாய், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மறுபடி மங்குகிறது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கோபமில்லை என்று மனதாரத்தான் எழுதுகிறேன், ஆனால் அந்தப் பத்து விரலை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேனே, அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விளக்குப் போய்விட்டது. இருட்டில் எழுதுகிறேன். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். மேலே யாரோ ஓடும் சத்தம் கேட்கிறது.

அந்தப் பையில் இரும்பே கிடையாது. நர்ஸின் கை வலித்தால் நீ வாங்கிக்கொள், உறை இல்லாமலே தொடலாம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி அழுத்து. என் வலி எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை நிறுத்தாதே.

தேசிகன்